முகமூடி அக்கா

முகமூடியின் ரப்பர் விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் ஓட வந்த பையனின் முகத்தில் பொருத்துகிறார் அக்கா. "ஜில்லுனு பட்டா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் கணக்கே கோணிக்கும்." விடுகிற மூச்செல்லாம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போக வேண்டும், ஓரத்தில் கசியக் கூடாது. அதனால் தாடிக்காரர்கள் மீது அவருக்குத் தீராத கோபம். "காதலிக்குப் பிடிக்கும்னு வளக்குறான். என் மிஷினுக்குப் பிடிக்கலையே."

பல்கலைக்கழக உடலியல் ஆய்வுக்கூடத்தில் அவர் டெக்னீஷியன். டிரெட்மில் என்கிற ஓடுபொறியில் ஏற வரும் இளைஞர்களுக்கு முகமூடி அக்கா. தினமும் ஓடுகிறவன் ரத்தத்திலும், நாற்காலியே கதியென்று கிடப்பவன் ரத்தத்திலும் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு வேறுபடுகிறது என்பது அங்கே நடக்கும் ஆய்வு. பேராசிரியர் ஒப்புக்கொள்ளாத அக்காவின் விளக்கம் இது: "அடுப்பு வேகமா எரிஞ்சா புகை வரும்ல? ஓடுறப்ப உடம்புக்குள்ளயும் அப்படித்தான். அந்தப் புகையை விரட்ட ரத்தத்துல ஆள் இருக்கா, இல்ல எல்லாரும் லீவான்னு பாக்குறோம்."

ஷூ கயிற்றைக் குனிந்து அவரே இழுத்துப் பார்ப்பார். "தடுக்கி விழுந்தா தெம்பு குறைவுன்னா எழுத முடியும்?"

இனி முடியாது என்று ஓடுகிறவன் தானே கையை உயர்த்த வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் சோதனை செல்லாது. அங்கேதான் அக்காவின் குரல் வேலை செய்கிறது. "போடா ராஜா, போ. என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்க, இப்படி அன்னநடை நடக்குற?" திட்டும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வரும். சோம்பேறிகள்கூட அந்தக் குரலுக்கு இன்னும் கொஞ்சம் ஓடிவிடுகிறார்கள்.

போன வாரம் ஏறியவன் அவருடைய மகன். சின்ன வயதில் மூச்சிழுப்பு வந்து, படுக்க முடியாமல் அவர் தோளிலேயே தூங்கி வளர்ந்தவன். இப்போது ஓட்டக்காரன், ஓடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். "உங்களுக்குப் பதிலா வேற யாரையாவது நிக்க வெச்சிருவோமே" என்று பேராசிரியர் கேட்டதற்கு, "எனக்கென்ன பயம்" என்றார் அக்கா. பெல்ட்டின் வேகம் கூடியது. பையனுக்கு மூச்சு இரைத்தது, எல்லோருக்கும் இரைக்கிற மாதிரிதான். அவன் கையை உயர்த்தும் முன்பே அக்கா நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

பையன் முகமூடியைக் கழற்றினான். "அடுத்தவங்க பிள்ளைன்னா நிறுத்துவியாம்மா?"

அதிலிருந்து வீட்டில் பேச்சில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான்.

இன்று அவனுக்கு இன்னொரு வாய்ப்பு. இதுவும் கெட்டால் ஆய்விலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். "நீ வெளிய நில்லேன்" என்கிறான் அம்மாவிடம். "வாயை மூடுடா, முகமூடி உக்காரட்டும்" என்கிறார் அக்கா.

ஓடுகிறான். மூச்சு இரைக்கிறது, சட்டை கறுத்து முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அக்கா குரல் கொடுக்கிறார். "போடா ராஜா, போ." தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பையன்களும் கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கத்துகிறார். ஒருவழியாக அவனே கையை உயர்த்துகிறான். பெல்ட் மெல்ல அடங்குகிறது.

அடுத்து ரத்தம் எடுக்க வேண்டும். ஊசியோடு வரும் சக ஊழியரை, "இரு ஒரு நொடி" என்று தடுத்துவிட்டு, மகனின் நனைந்த முதுகில் காதை வைக்கிறார் அக்கா. வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். பையன் விலகவில்லை. அம்மாவுக்கு எட்டும்படி முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுக்கிறான்.