விழுங்காத சாப்லி

சனிக்கிழமை காலை வெலிங்டனில் விமானம் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் ஆக்லாந்து. போனது ஒரே ஒரு மிடறு ஒயினுக்காக.

பிரான்சில் சாப்லி என்ற வட்டாரத்தில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் செய்துவந்த வெள்ளை ஒயின் அது. அந்த மண்ணில் சிப்பி ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒயினிலும் அந்தக் கல்லும் உப்பும் தெரியும் என்று படித்துப் படித்தே ஏங்கியிருந்தேன். அந்தக் குடும்பத்து அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்ததில் தோட்டம் விலைபோய்விட்டது. இனி அந்த ஒயின் கிடையாது. தங்கை மிச்சமிருக்கும் புட்டிகளோடு ஊர் ஊராக வருகிறார், ஆக்லாந்துக்கு ஒரே ஒரு புட்டிதான் என்று தெரிந்த அன்றே டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஆக்லாந்தின் மங்கரே விமான நிலையத்தில் தர்சன் காத்திருந்தான். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவன், யாழ்ப்பாணத்துக்காரன். ரானுயியில் இருக்கும் அவன் வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர். இடியாப்பமும் சொதியும் எடுத்து வைத்தான்.

"வேணாம்டா, நாக்கு சுத்தமா இருக்கணும்."

"ஓமோம், நாக்குக்கு விரதம்" என்று என் பங்கையும் அவனே முடித்தான்.

இருவரும் குடிக்கப்போவதால் காரை விட்டுவிட்டு ரயிலில் நகர மையத்துக்குப் போனோம். ஒரு ஒயின் கடையின் மாடி. ஆளுக்கு நாற்பது டாலர். பன்னிரண்டு பேருக்கு ஐந்து ஒயின்கள், நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி. முதல் ஒயினைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் உருட்டித் துப்பினேன்.

தர்சன் அலறாத குறை. "என்ன மச்சான், துப்புறதுக்கே பிளேன் ஏறி வந்தனீ?"

"எல்லாத்தையும் முழுங்கினா கடைசில நாக்கு மரத்துடும்டா. நான் படிச்ச ஒயின் கோர்ஸ்ல இதான் முதல் பாடம்."

அவன் நான்கையும் விழுங்கினான். நான் நான்கையும் துப்பினேன்.

ஐந்தாவதாக அந்தப் புட்டி. அந்தத் தங்கையே ஊற்றினார். என் முறை வந்ததும், "வெலிங்டனிலிருந்து வந்தவர் நீங்கள்தானே?" என்று சிரித்து இரண்டு சொட்டு கூடவே விட்டார். வாயில் வைத்தேன். எலுமிச்சைத் தோல், நனைந்த கல், உப்பு என்று ஒரு கை போனில் குறித்துக்கொண்டிருந்தது. மற்றக் கை பழக்கத்தில் வாளியை இழுத்தது. துப்பிவிட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் புட்டியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை யாருக்கோ விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "முறையாகப் பயின்றவர்" என்றார், மரியாதையாகத்தான்.

திரும்பும் ரயில் ஹென்டர்சன் நிலையத்தைத் தாண்டியது. அவனிடம் கேட்டேன்: "உள்ள போனப்புறம் எப்படிடா இருந்துச்சு?"

தர்சன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "சொல்லத் தெரியேல்லை மச்சான். கொஞ்ச நேரம் ஒருத்தரோடயும் கதைக்க மனம் வரேல்லை."

மறுநாள் விமானத்தில் அந்தக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். எழுதியிருந்த மூன்றும் சரிதான். எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு பார்க்கிறவர்கள்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, விழுங்கி, ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.