பத்து மணிக்குத் திறந்த பால்வாடி

தாராவியில் எங்கள் சங்கத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. வாசலில் தொங்கும் பேனர், அறையின் அகலத்தைவிட ஒன்றரை அடி கூடுதல். அந்த ஒன்றரை அடி பக்கத்துத் தோல்பைக் கடையின் மேல் மடிந்து கிடக்கும். கடைக்காரரும் தம் பங்குக்குச் சமூக சேவை செய்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் அதை வேறு வார்த்தைகளில் சொல்வார்.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருமே மாட்டுங்காவில் குடியிருக்கும், ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து இரண்டு பைபாஸ், மூன்று காது மெஷின். ஏழைகளுக்கு என்ன தேவை என்பது எங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரியும். தாராவிக்குள் போய் வந்தால் அந்தத் தெளிவு கொஞ்சம் கலங்கிவிடுகிறது என்பதால், கூட்டங்களைத் தலைவர் வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொள்கிறோம். தலைவர் எங்கள் கட்டிடத்திலேயே ஐந்தாவது மாடி. பெரிய வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். இப்போது சங்கத்துக்கும் தலைவர், கட்டிட சொசைட்டிக்கும் தலைவர். நான் இரண்டாவது மாடி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தணிக்கை வேலை பார்த்தவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. எண்ணிப் பார்த்தாலும் வருவதில்லை, அது டாக்டர் சமாசாரம்.

போன வருடம் செம்பூரில் உள்ள ஒரு கம்பெனி பணம் கொடுத்தது, பால்வாடி ஆரம்பித்தோம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போகும் இடம். எட்டு தொட்டில்கள், பாய், விளையாட்டுச் சாமான், ஓர் ஆயா. எத்தனை மணிக்குத் திறப்பது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

"ஆபீஸ் டயம்தான். பத்துலேர்ந்து அஞ்சு," என்றார் தலைவர்.

எல்லோரும் தலையை ஆட்டினோம். வேலை என்பது பத்து மணிக்குத் தொடங்குவது. எங்கள் ஏழு பேருக்கும் அப்படித்தான் தொடங்கியது, மற்றவர்களுக்கு மட்டும் வேறு எப்படித் தொடங்கும்? அன்று நேரம் பிடித்தது பேனரின் நிறத்துக்குத்தான்.

பால்வாடி எப்படி நடக்கிறது என்று பார்த்து வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ரயில்வே பாலத்தைத் தாண்டி, சாக்கடைக்கு ஒதுங்கி, டெம்போவுக்கு ஒதுங்கி, முழங்காலைத் திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எட்டு தொட்டில்களில் இரண்டு குழந்தைகள் இருந்தன. அதில் ஒன்று ஆயாவின் அக்காள் மகளுடையது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு முறை போய் எண்ணினேன். குழந்தை கூடவில்லை, எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

கூட்டத்தில் சொன்னேன். தலைவருக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது.

"அப்போ இங்க பால்வாடிக்குத் தேவையே இல்லைன்னு ஆயிடுத்து," என்றார்.

"இலவசமா குடுத்தா இவாளுக்கு அருமை தெரியாது," என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர் மூத்த குடிமக்கள் சலுகையில் ரயில் டிக்கெட் வாங்கிய காலத்தை நினைத்து இன்னும் கண் கலங்குபவர்.

அந்த அறையைத் தியான மண்டபமாக மாற்றலாம் என்று யோசனை எழுந்தது. தாராவி ஜனங்களுக்கு மன அமைதி குறைவாக இருக்கிறதாம். மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவார்கள், அப்போது சொல்லிச் சம்மதம் வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், வாடகைக்குக் குடியிருக்கிறாள். புருஷனுக்குக் குர்லாவில் ஒர்க்‌ஷாப் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவான். எங்கள் கட்டிடத்தில் அவளுக்கு நாலு வீடு: ஐந்தாவது மாடியில் தலைவர் வீடு, மூன்றாவது மாடியில் ஒரு வீடு, இரண்டாவது மாடியில் நாங்கள், முதல் மாடியில் ஒன்று. காலை ஆறரைக்கு வந்தால் பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடித்துப் போய்விடுவாள். பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று அவளுக்கு. பக்கத்துக் கோலியில் இருந்தவள்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் கோலிக்காரி திடீரென்று வடாலாவுக்கு வீடு மாறிப் போய்விட்டாள்.

அதனால் இவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். எங்கள் சமையலறை வாசலில் ஒரு துண்டை விரித்து உட்கார வைப்பாள். அதுவும் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு தரையைத் தட்டியபடி இருக்கும். தலைவர் வீட்டில் அது உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்ததாகப் புகார். மூன்றே நாளில் லிப்டுக்குப் பக்கத்தில் சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியாயிற்று: வேலைக்கு வருபவர்கள் குழந்தைகளை அழைத்து வரக் கூடாது. அதைப் படித்துக்கொண்டு நின்றபோது லிப்டிலிருந்து இரண்டு நாய்கள் இறங்கிப் போயின. அவற்றுக்கு நோட்டீஸ் கிடையாது. அவை குடியிருப்பவர்கள்.

அவள் தலைவரிடமே போய் நின்றாள். நான் சந்தாப் பணம் கொடுக்கப் போயிருந்ததால் பார்த்தேன்.

"பிள்ளய எங்கன போட்டுட்டு வர பெரிய மாமா?"

தலைவர் முகம் மலர்ந்தது. சேவை செய்ய ஒரு வாய்ப்பு படியேறி வீட்டுக்கே வந்திருக்கிறது.

"அதுக்குத்தானே நாங்க உங்களுக்குன்னு பால்வாடி நடத்தறோம்! அங்க விடு. காசு கிடையாது. பாலும் குடுப்பா."

"எத்தன மணிக்கு தொறப்பாவ?"

"டாண்ணு பத்து மணிக்கு."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "அப்பம் பிள்ளய விட்டுட்டு பத்தேமுக்காலுக்கு வாரேன். சரியா?"

"பேஷா வா," என்றார் தலைவர்.

அவர் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. மூன்றாவது குழந்தை கிடைத்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார். கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன, பதினொன்று.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு என் மனைவி வாசலுக்கும் சமையலறைக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

"ஏன்னா, அவளைக் காணோமே. சிங்க்கைப் பாத்தேளா?"

பார்த்தேன். டம்ளர் ஆறு, தட்டு நாலு, பால் காய்ச்சிய பாத்திரம், அடிப்பிடித்த வாணலி ஒன்று. காப்பிக்கு டம்ளர் இல்லை. மருந்து குடிக்கும் கண்ணாடிக் கிளாஸில் காப்பி வந்தது. இருமல் மருந்து வாசனை போகவில்லை. எட்டு மணிக்கு ஐந்தாவது மாடியிலிருந்து போன், எட்டேகாலுக்கு மூன்றாவது மாடியிலிருந்து. கட்டிடமே அவளைத் தேடியது. தாராவியில் பால்வாடிக்குத் தேவை இருக்கிறதா என்று நாங்கள் இதில் பத்தில் ஒரு பங்கு தேடியிருந்தால்கூடப் போதும்.

பத்தேமுக்காலுக்கு அவள் வந்தாள். குழந்தை இல்லை.

"என்னடி இது, ஊருக்குப் போயிட்டியோன்னு பாத்தேன்!" என்றாள் மனைவி.

"நா என்ன மாமி செய்ய? பிள்ளய பால்வாடில விடுன்னு பெரிய மாமாதான சொன்னாவ. பத்து மணிக்குத்தான கதவத் தொறக்காவ. பூட்டுன கதவு இடுக்குல பிள்ளயத் தள்ளிட்டா வர முடியும்?"

"ஆறரைக்கு வர மத்தவாள்ளாம் என்ன பண்றா?"

"பிள்ளய கோலில வச்சு வெளிய பூட்டிட்டு வாராவ. மூணு வயசுப் பிள்ள ஒரு வயசுப் பிள்ளயப் பாத்துக்கிடும். என் பிள்ளைக்கு அப்டி ஆளில்ல. இருந்தாலும் பூட்ட மாட்டேன்."

என் மனைவி சிங்க்குக்கு வழிவிட்டு நகர்ந்தாள். நான் செய்தித்தாளை இறக்கவில்லை. என் எண்ணிக்கையில் ஒரு பிழையும் கிடையாது. நான் போன நேரத்தில் இரண்டு குழந்தைகள்தான் இருந்தன. மற்றவை எங்கே இருந்தன என்று கேட்க யாரும் என்னை நியமிக்கவில்லை.

புதன்கிழமை மூன்றாவது மாடிக்காரி அவளை நிறுத்திவிட்டாள். மருமகளுக்கு ஒன்பது மணிக்கு லோக்கல் ரயில் பிடிக்க வேண்டும், டிபன் டப்பா கழுவாமல் கிடக்கிறது, உன் சௌகரியத்துக்கு நாங்கள் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. தலைவர் வீட்டிலும் சனிக்கிழமை வரை கெடு என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வாணலியைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "ஒரு வீடு போனா கைய இறுக்கிக்கிடலாம் மாமி. பெரிய மாமா வீடும் போச்சுன்னா கோலி வாடகை நிக்கும். அப்பம் நானும் பூட்டிட்டுத்தான் வரணும்." அதைச் சொல்லும்போது தேய்ப்பது நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தேய்த்தாள்.

தலைவர் மனைவி சும்மா இருக்கவில்லை. வேறு ஆள் தேடி விசாரித்தாள். கிடைத்த முதல் ஆளுக்குக் கைக்குழந்தை. இரண்டாவது ஆளுக்கு இரண்டு. மூன்றாவது ஆளுக்குக் குழந்தை இல்லை, கேட்ட சம்பளமோ தலைவருக்கு வங்கியில் கடைசியாகப் போட்ட இன்கிரிமென்டைவிட அதிகம். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் எல்லோருக்கும் செய்தி வந்தது: நாளைக் காலை எட்டு மணிக்கு அவசரக் கமிட்டிக் கூட்டம். புயல் அடித்தபோதுகூட அவசரக் கூட்டம் போடாத சங்கம் எங்களுடையது. போகும் வழியில் எனக்கு ஒரே கவலை. அவசரம் என்றால் பெரும்பாலும் நன்கொடை கேட்பார்கள்.

எட்டு மணிக்கு ஏழு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். காப்பி வரவில்லை. சங்க வரலாற்றில் அது முதல் தடவை. பிறகு தலைவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"டம்ளர் எல்லாம் சிங்க்கில இருக்கு. வேணுங்கறவா போய்த் தேச்சுக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்த பால்வாடியை ஆறு மணிக்கு முன்னாடி திறந்தா என்ன கெட்டுப் போறது?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் திடீர்னு மாத்த முடியாது. ஆயாவுக்கு ஓவர்டைம் குடுக்கணும். பட்ஜெட் இல்லை," என்றார் தலைவர்.

நான் முந்தின நாள் ஆயாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவளுக்குப் பால்வாடிக்கு எதிர் சந்தில்தான் வீடு. "நா அஞ்சு மணிக்கே எந்திச்சாச்சு. பத்து வரைக்கும் பூட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன். காலைல தொறந்து ஒரு மணிக்குச் சாத்துனா நானும் மத்தியானம் கட்டைய சாய்க்கலாம்" என்று சொல்லியிருந்தாள். அதைக் கூட்டத்தில் சொன்னேன். ஐந்தரையிலிருந்து ஒரு மணி வரை. மணிக்கணக்கில் அரை மணி கூடுகிறது, அவ்வளவுதான். அந்த அரை மணிக்கும் சம்பளம் கொடுப்பது என்று சேர்த்தே சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்று என் மனைவி சொல்வது உண்மை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஓய்," என்றார் மூத்த குடிமக்கள் சலுகைக்காரர்.

"முன்னாடி டம்ளர் இருந்தது," என்றாள் தலைவர் மனைவி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தியான மண்டபத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வெறும் வயிற்றில் மன அமைதி கொஞ்சம் கடினம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பால்வாடிக்குப் போனேன். எட்டு தொட்டிலும் நிறைந்து, பாயில் ஐந்து குழந்தைகள். வாசலில் தாய்மார்கள் வரிசை. குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். பாதிப் பேர் மாட்டுங்கா பக்கம், மற்றவர்கள் சயான் பக்கம். ஒரு குழந்தை எண்ணி முடிப்பதற்குள் நகர்ந்துவிடுகிறது, அதனால் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல மாட்டேன். பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். கரண்டி வைத்துத் தட்டும் பெண் அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் குறைவு; பரவாயில்லை.

மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள். சமூகத்தின் தேவைகளை நுட்பமாக ஆராய்ந்து நேரத்தை மாற்றியமைத்ததாகத் தலைவர் விளக்கினார். வந்தவர்கள் மிகவும் நெகிழ்ந்தார்கள். பயன்பெற்ற தாய் ஒருவரோடு போட்டோ வேண்டும் என்றார்கள். தலைவர் போன் போட்டார். பயன்பெற்ற தாய் அப்போது அவர் வீட்டுக் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி அனுப்ப மறுத்துவிட்டாள். ஆகவே போட்டோவில் பதின்மூன்று குழந்தைகளும் ஏழு கிழவர்களும் இருக்கிறோம். தாய் ஒருத்திகூட இல்லை. பிரசவம் பார்த்தது நாங்கள்தானோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம்.

அவள் மறுபடியும் ஆறரைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் மூன்றாவது மாடிக்காரி அவளை லிப்டுக்குள் பிடித்துக்கொண்டாளாம். பழசை மறந்துவிடு, நாளையிலிருந்து வா, நூறு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றாளாம். மறுநாள் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டே அவள் தரையைத் துடைத்தாள். மூன்றாவது மாடிக்கு ஒதுக்கியிருந்த நேரத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் ஏற்கெனவே ஒரு வீடு பிடித்திருந்தாள்.

"அவகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டாள் என் மனைவி.

"யோசிச்சு சொல்லுதேன்னேன்."

"யோசிச்சியா?"

"மூணாவது மாடிலேருந்து லிப்ட்டு கீழ வாரதுக்குள்ள யோசிச்சாச்சு மாமி," என்றாள். "கால எடுங்க, துடைக்கணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எடுத்தேன்.