ஆயிரம் வருஷமும் இரண்டு அத்தான்மாரும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னுடைய இரண்டு அத்தான்மாரும் ஒரே நாளில் கண்ணை மூடினார்கள்.

பதறாதீர்கள். ஆளுக்கு ஒரு கண் மட்டும்தான். கண்புரை ஓப்பரேஷன்.

இருவருக்கும் வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், அரியாலையில், ஒரே குறுகிய ஒழுங்கையில்தான். பெரியக்காவைக் கட்டியவர் பெரியத்தான் – இளைப்பாறிய தபாலதிபர். சின்னக்காவைக் கட்டியவர் சின்னத்தான் – இளைப்பாறிய விவசாயப் போதனாசிரியர். ஒருவர் வாசலில் நின்று செருமினால் மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

என்ன சண்டை? வேலியா? எங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஆனால் வேலி இல்லை. காணி இல்லை. சீதனமும் இல்லை.

ஆயிரம் வருஷம்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். எங்கள் வேதத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் இடம் இருக்கிறது. சாத்தான் கட்டிவைக்கப்படுவான், கிறிஸ்துவோடு அவருடைய மக்கள் ஆயிரம் வருஷம் ஆளுவார்கள் என்று வரும். சில வரிகள்தான். அந்தச் சில வரிகளுக்காக உலகம் முழுவதும் கிறிஸ்தவர்கள் மூன்று கட்சியாக நிற்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலும்தான்.

பெரியத்தான் முதலாம் கட்சி. உலகம் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும், இருட்டு முற்றும், அப்போது கிறிஸ்து வருவார், வந்த பிறகு இந்தப் பூமியிலேயே ஆயிரம் வருஷம் அரசாளுவார். ஆயிரம் என்றால் ஆயிரம். தபாலதிபர் அல்லவா, முத்திரையில் உள்ள திகதி மாதிரி அதில் அவருக்கு மறுபேச்சு இல்லை.

சின்னத்தான் இரண்டாம் கட்சி. சுவிசேஷம் கடுகு விதை மாதிரி. மெல்ல மெல்ல வளர்ந்து உலகத்தையே மூடும். சாதி சனமெல்லாம் திருந்தும். நீதியும் சமாதானமும் உள்ள ஒரு நெடுங்காலம் இந்தப் பூமியில் வரும். அதுதான் அந்த ஆயிரம். அது முடியத்தான் கிறிஸ்து வருவார்.

அதாவது, மாப்பிள்ளை வந்த பிறகுதான் விருந்து என்கிறார் பெரியவர். விருந்து நடக்கும், மாப்பிள்ளை அதன் பிறகு வருவார் என்கிறார் சின்னவர்.

மூன்றாம் கட்சி? அது எங்கள் போதகரும் நானும். ஆயிரம் என்பது எண் அல்ல, அடையாளம். கிறிஸ்து உயிர்த்த நாளிலிருந்து திரும்பி வரும் நாள் வரைக்கும் உள்ள காலம் முழுவதும் அதற்குள்தான். அவர் இப்போதே பரலோகத்திலிருந்து ஆளுகிறார். பூமியில் கோதுமையும் களையும் சேர்ந்தே வளரும், அறுவடையில் பிரிப்பார். இதில் ஒரு வசதி உண்டு – யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. நடுவில் இருந்துகொண்டு இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டலாம். பத்தொன்பது வருஷமாக நான் அதைத்தான் செய்தேன்.

பிரிவு நடந்தது யுத்தத்தால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்த காலத்தில். சீனிக்கும் மாவுக்கும் வரிசை. பின்னேரமானால் ஊரடங்கு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னத்தான் எங்கள் சபையில் பிரசங்கம் செய்தார். சுவிசேஷம் உலகத்தை வெல்லும், நல்ல காலம் வரும் என்றார். நடுப் பிரசங்கத்தில் பெரியத்தான் எழும்பினார். வெளியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லும்படி சொன்னார். கள்ளப் போதனை என்றார். சின்னத்தான் பதிலுக்கு, விசுவாசம் இல்லாதவர் எழும்பிப் போகலாம் என்றார்.

பெரியத்தான் போனார். தனியாக அல்ல, பதினாறு குடும்பத்தோடு. அதே ஒழுங்கையின் மறு தொங்கலில் தகரக் கொட்டில் போட்டு ஜெபக்கூடம் தொடங்கினார். ஞாயிறு காலை இரண்டு பக்கத்து மைக்கும் ஒரே நேரத்தில் முழங்கும். இடையில் குடியிருந்த சைவக் குடும்பங்கள் பாவம்... இரண்டு பிரசங்கத்தையும் கேட்டார்கள்.

கண்புரைக்கு வருவோம்.

முதல் நாள் பெரியக்கா போன் எடுத்தா. பிள்ளைகள் கனடாவில், அதனால் அத்தானை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, சின்னவளுடைய மனிசனுக்கும் நாளைக்குத்தான், அத்தானுக்கு வாய் தவறிச் சொல்லிவிடாதே என்றா. பத்து நிமிடத்தில் சின்னக்கா எடுத்தா. அதே வேண்டுகோள், அதே எச்சரிக்கை.

வீட்டுக்கு வீடு போக்குவரத்தே இல்லாத அக்காமாருக்கு, மற்றவருடைய புருஷனின் ஓப்பரேஷன் திகதி எப்படித் தெரியும்? எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. ஒரே ஓட்டோவை இரண்டு முறை ஓடவிட்டு, இருவரையும் வெவ்வேறு நேரத்தில் கொண்டுபோய் இறக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ஓப்பரேஷன் முடிந்தவர்களை ஒரே வாங்குப் பலகையில்தான் இருத்துகிறார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது வரிசையில் மூன்று பேர். பெரியத்தானுக்கு வலது கண் கட்டு. சின்னத்தானுக்கு இடது கண் கட்டு. கட்டுப்போட்ட பக்கத்தில்தான் மற்றவர் இருந்தார், ஆகவே இருவருக்கும் தெரியவில்லை. நடுவில் பருத்தித்துறையைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளி, எழுபது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, அதற்குக் கீழே வெள்ளைக் கட்டு. இனி உலகம் வடிவாகத் தெரியும் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

பெரியத்தான் முன்னால் பார்த்தபடியே முனகினார். “வடிவாத் தெரிஞ்சு என்ன, உலகம் நாசமாத்தான் போகுது.”

மறு பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “போகாது.”

ஒரு சொல்தான். பத்தொன்பது வருஷமாகத் தனக்குப் பதில் சொல்லாத அந்தக் குரல் பெரியத்தானுக்குப் பிடிபட்டது. முதுகு நிமிர்ந்தது. ஓப்பரேஷன் செய்த கண், அதிரக் கூடாது என்று நேர்ஸ் சொல்லியிருந்தா.

பிறகென்ன? தொடங்கியது. ஆனால் நேருக்கு நேர் அல்ல. இரண்டு பேரும் நடுவில் இருந்த பருத்தித்துறைக்காரரைப் பார்த்தே பேசினார்கள். மிஷனரிமார் வந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவில்லையா, ஆஸ்பத்திரி கட்டவில்லையா, அது சுவிசேஷத்தின் வெற்றி இல்லையா என்று சின்னத்தான் அவரிடம் கேட்டார். அதே பள்ளிக்கூடங்கள் கூரை இல்லாமல் நின்றதை நாங்கள் பார்க்கவில்லையா, இப்போது சந்திக்குச் சந்தி போதை இல்லையா என்று மற்றவரும் அவரிடம்தான் கேட்டார். கூரை திரும்பப் போட்டாயிற்றே என்றார் சின்னத்தான். அது எத்தனை நாளைக்கு என்றார் பெரியத்தான்.

பாவம் அந்த மனிதர், ஒற்றைக் கண்ணோடு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிக் களைத்துப்போனார். கடைசியில் என்னிடம் விசாரித்தார். இவர்கள் யார், என்ன பிரச்சினை? நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் யோசித்தார். பகிடி பண்ணவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

“அந்த ஆயிரம் வருஷம் என்னத்துக்கு ஐயா?”

“சமாதானத்துக்கு,” என்றார்கள் இரண்டு பேரும். ஒரே நேரத்தில்.

“அப்ப, ஆயிரம் வருஷச் சமாதானம் எப்ப வரும் எண்டுதானோ பத்தொன்பது வருஷமாக் கதைக்காமல் இருக்கிறியள்?”

அந்த நேரம் பார்த்து அவருடைய மகள் வந்து கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. வாங்கில் நடு இடம் வெறுமையாகக் கிடந்தது.

நான் மருந்துத் துண்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முதலில் பெரியத்தானைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று சின்னத்தானிடம் மெல்லச் சொன்னேன். பெரியத்தானின் காதில் விழுந்துவிட்டது.

“ஏன் ரெண்டு ஓட்டம்? ஒரு ஒழுங்கைக்குத்தானே போறம்,” என்றார்.

சின்னத்தான் எழும்பினார். கால் தடுமாறியது. பெரியத்தான் கையை நீட்டினார்... சின்னவர் பிடித்தார். என் இரண்டு கண்ணிலும் ஒரு ஓப்பரேஷனும் செய்யாமலே தண்ணீர் வந்தது.

ஓட்டோவில் நான் நடுவில். யாழ்ப்பாணத்திலிருந்து அரியாலைக்கு எவ்வளவு தூரம்? ஆனால் அந்தத் தூரத்துக்குள் பத்தொன்பது வருஷத்துச் சங்கதி வெளியே வந்தது. தொடங்கியவர் பெரியத்தான். அந்தப் பிரசங்க ஞாயிற்றுக்கு முதல் வாரம் முழுவதும் தபாற்கந்தோர் வாசலில் தாய்மார் வந்து நின்றார்களாம். மூடின பாதைக்கு அந்தப் பக்கம் போன பிள்ளையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டு. ஒவ்வொரு நாளும் இல்லை, இல்லை என்று அவர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“நல்ல காலம் வருகுது எண்டு நீர் சொல்லேக்கை, எனக்கு அந்தச் சனத்தின்ரை முகம்தான் தெரிஞ்சுது. அதுதான் எழும்பினனான்.”

சின்னத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் அதே முகங்கள்தான் அண்ணை. அதாலைதான் அப்பிடிச் சொன்னனான்.”

அந்த நேரம் எனக்குச் சுளீரென்று பட்டது. இத்தனை வருஷமும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே சனத்தைத்தான். அந்தத் தாய்மாரின் கண்ணீருக்கு இவர் ஒரு பதில் வைத்திருந்தார், அவர் ஒரு பதில் வைத்திருந்தார். நாங்களோ பதில்களை வைத்துச் சபையைப் பிரித்துவிட்டோம்.

சின்னத்தானின் வாசற்படலையடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னதும், இறங்கி உள்ளே நடந்ததும் பெரியத்தான்தான். நாங்கள் பின்னால் போனோம். குசினியில் இருந்து சின்னக்கா எட்டிப் பார்த்தா. கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அவவுக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

பெரியக்கா!

அகப்பட்டுவிட்டார்கள். மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. அக்காமார் ஒரு நாளும் பிரியவே இல்லை. கிழமைக்கு ஒரு தடவையாவது, புருஷன்மார் இல்லாத நேரம் பார்த்து, ஒருத்தி வீட்டுக்கு மற்றவ போய் வந்திருக்கிறா. கிளினிக்கிற்குச் சேர்ந்துபோய், ஒரே நாளைக் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான். பெரியத்தான் தன் மனைவியை ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு, தனக்கும் ஒரு தேத்தண்ணி போடச் சொன்னார்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மூன்று கட்சியிலும் மிக மோசமானவன் நான்தான். எந்தக் கொள்கையையும் சோம்பலுக்குச் சாட்டாக வைத்துக்கொள்ளலாம். உலகம் எப்படியும் கெடத்தானே போகிறது, நான் ஏன் முயல வேண்டும் என்று ஒருவர் இருக்கலாம். எப்படியும் திருந்தத்தானே போகிறது, நான் ஏன் முயல வேண்டும் என்று மற்றவர் இருக்கலாம். களையும் பயிரும் சேர்ந்துதானே வளரும் என்று நான் இருந்தேன். முயன்றவர்கள் இரண்டு பெண்கள். அவர்களிடம் கொள்கை என்ன என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. உயிர்த்த ஞாயிறு வர மூன்று கிழமை இருந்தது. விடியற்கால ஆராதனையை இரண்டு சபையும் சேர்ந்து நடத்தினால் என்ன என்று சின்னத்தான் கேட்டார். எங்கள் போதகர் அன்றே சம்மதித்தார். ஜெபக்கூடத்தில்தான் சலசலப்பு. இத்தனை வருஷம் இதற்காகத்தானே தனியாக இருந்தோம், அப்படியென்றால் எங்களுடைய கொள்கை பிழையா என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. பெரியத்தான் எழும்பி நின்றார்.

“கொள்கை சரி. நான் நடந்ததுதான் பிழை,” என்றார்.

எழுபத்துமூன்று வயதில், தன் கையால் தொடங்கிய கூடத்தில், தன் பின்னால் வந்த சனத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டும்!

போன ஞாயிறு, இருள் பிரியும் நேரம், அரியாலைக் கடலோரம். களப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரவு வலை போட்ட சிறு வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. சனமும் வந்தது. முதலில் இரண்டு கும்பலாகத்தான் நின்றார்கள், நடுவில் ஓர் ஆள் போகுமளவு இடைவெளி விட்டு. பாட்டுத் தொடங்கியது. இரண்டாவது அடியில் அந்த இடைவெளி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. வலையை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிழக்கே சூரியன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியபோது, அப்படி ஒரு முழக்கத்தை நான் என் சீவியத்தில் கேட்டதில்லை.

அத்தான்மார் இருவரும் பேசினார்கள். யாராவது மாறினார்களா? மூச்! இருட்டு இன்னும் முற்றும், ஆண்டவர் இன்றைக்கே வந்தாலும் வரலாம், ஆயத்தமாக இருங்கள் என்றார் பெரியத்தான். விதை முளைத்துவிட்டது, எந்த இருட்டாலும் அதைத் திரும்ப மண்ணுக்குள் தள்ள முடியாது என்றார் சின்னத்தான். போதகர் வந்து, அவர் உயிர்த்துவிட்டார், ஆகவே இப்போதே ஆளுகிறார் என்றார். ஆமென் என்ற சத்தம் மூன்றுக்கும் ஒரே அளவில்தான் எழும்பியது. முன்னாலோ, பின்னாலோ, இப்போதோ... கடைசியில் வெல்லப்போவது யார் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே இல்லையே!

முடிந்ததும் கடலோரத்திலேயே பாய் விரித்துப் புட்டும் மீன்குழம்பும் பகிர்ந்தார்கள். அத்தான்மார் இருவரும் ஒரே பாயில், இன்னும் ஆயிரத்தைப் பற்றித்தான் வாதம். பெரியத்தான் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டைச் சின்னத்தானின் தட்டில் வைத்துவிட்டு, வாதத்தைத் தொடர்ந்தார்.

பூமியில் சுவிசேஷத்தின் வெற்றி எது என்று இனி யாராவது என்னைக் கேட்டால், ஒன்று சொல்வேன். அன்றைக்கு எங்கள் இரண்டு சபையிலும் புதிதாக ஓர் ஆள்கூடக் கூடவில்லை.

நாங்கள்தான் கூடினோம்.