எடையைக் குறைத்த கலாவதி

கலாவதி போய்விட்டார்... பிசியோதெரபி கலாவதி. காலையில் அவர் தம்பி போன் செய்து சொன்னார்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது பழைய நண்பர்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் வெங்காய மண்டி வைத்திருந்தேன். நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது.

போணிக் காசை இடது கையில் வாங்க முடியுமா? காலையில் வருகிறவர்கள் காசை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார்கள். கடையைக் கைமாற்றிவிட ஆள் பார்த்துப் பேசியும் முடித்துவிட்டேன்.

அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரிக்கு ரோபோ மெஷின் ஒன்று வந்திருந்தது, டிரையலுக்கு. கையை அதில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். திரையில் தெரியும் கட்டத்துக்கு நாம் கையை நகர்த்த வேண்டும். நம்மால் முடியாத மிச்சத்தை மெஷின் இழுத்துக்கொடுக்கும். அதை ஓட்டியவர்தான் கலாவதி.

கடைக்கு வரும் கார் கம்பெனிப் பையன்களுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "எங்க லைன்ல ரோபோ வந்து ஆளக் கொறச்சிது. உங்களுக்குக் கையச் சேக்குதா அண்ணாச்சி?"

போகப் போக மெஷினின் இழுப்பு குறைந்தது. மூட்டையைத் தூக்கியே எடை சொல்கிறவன் நான், எனக்கா தெரியாது? பழைய வாடிக்கைதானே என்று குறைத்துப் போடுகிறார்கள் என்று நினைத்தேன்...

கேட்டேவிட்டேன். "எம்மா, எடையில கை வச்சிட்டியே. மொத வாரம் இழுத்த இழுப்பு இப்ப இல்லியே."

"ஆமா அண்ணாச்சி. வாரா வாரம் கொறச்சிக்கினுதான் வரேன்."

மறுக்கக்கூட இல்லை. என்னையே திருப்பிக் கேட்டார்.

"கை அதே கட்டத்துக்குத்தான போவுது? மெஷினு கொறச்சத இன்னா, பேயா வந்து இழுக்குது?"

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே கடை கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒருநாள் காலை, ஷட்டர் தூக்கியதும் முதல் ஆளாகக் கலாவதி வந்து நின்றார். ஒரு கிலோ வெங்காயம். நோட்டை மேஜையில் வைக்கவில்லை, என் நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டார்.

"கைய நீட்டு அண்ணாச்சி. எனக்கு டூட்டிக்கு லேட்டாவுது."

நடுங்கி நடுங்கிப் போனது கை... பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். வாங்கிவிட்டேன்.

அவர் வெங்காயப் பையைத் தூக்கிப் பார்த்தார். "எடையில கை வெக்கலியே?"

இன்று கடை திறக்க மனசில்லை. ஆனாலும் திறந்தேன். போணியை வலது கையில்தான் வாங்கினேன், கலாவதி.

போய் வாம்மா...