செருப்பு தேடிய பேய்

திருச்சி நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டிவந்த அழகிரிக்கு, 1959இல் மெட்ராஸில் ஒரு சினிமாவில் பேய் வேஷம் கிடைத்தது.

"ஜனங்க பயப்படவும் செய்யணும், சிரிக்கவும் செய்யணும்" என்றார் டைரக்டர்.

அழகிரி கண்ணை உருட்டிப் பல்லைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் பயப்படவில்லை. அசையாமல் நின்று முறைத்தான்; லைட்காரர் நடுங்கினார், சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தவன், கழற்றிவைத்த செருப்பைக் காணாமல், வேஷத்தோடேயே போய்ச் சமையல்காரர்களிடம் விசாரித்தான். முதலில் அலறியவர்கள், அவன் நிஜமாகவே கவலைப்படுவதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் அதையே படமாக்கினார். இருட்டு வீட்டில் பேய் மெல்ல வந்து குனிந்து, "என் செருப்பைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும். கீழே பார்த்தால் அதற்குக் காலே இல்லை.

படம் திருச்சிக்கு வந்ததும், ஸ்ரீரங்கத்திலிருந்து மனைவி பவுனம்மாளை மேட்னி ஷோவுக்கு அழைத்துப்போனான். பேய் வந்ததும் அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். அது கேள்வி கேட்டதும் தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது.

"நீங்கதான்னு தெரிஞ்சும் பயமா இருந்துச்சுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சிரிப்பு வரலையா?"

"அதுதான் நிக்கவே மாட்டேங்குதே!"

அப்புறம் அவனுக்குப் பெரிய வேஷம் எதுவும் வரவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வழிநெடுக அவள் நினைத்து நினைத்துச் சிரித்ததே அவனுக்குப் போதுமாயிருந்தது.