இரண்டு நாள் கெடு

என் மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. அதைக் கெடுத்தது நான். வேண்டும் என்று செய்யவில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தேன். தமிழ் எழுதுவேன். இங்கிலீஷ் தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் கழி நட்டு வலை கட்டுவது தொழில். காலேஜில் சேரப் போகிற பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் யாராவது இதைப் படித்துக் காட்டட்டும்.

எங்கள் ஏரி வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். ஏரியில் நல்ல இறால் வருகிற இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைப் பாடு என்போம். எந்த நாள் எந்தப் பாடு யாருக்கு என்று ஊர்க்கூட்டத்தில் குலுக்கிப் போடுவார்கள். ஒருவனுக்கு விழுந்த பிறகு பேச்சே இல்லை. அந்த நாள் அந்தத் தண்ணீர் அவனுடையது. அவன் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் வேறு யாரும் அங்கே கழி நட மாட்டார்கள். தண்ணீர் சும்மா கிடக்கும். எனக்குத் தெரிந்து ஒருவனும் மீறியதில்லை.

கவுன்சிலிங்கையும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். கணக்கில் நல்ல மார்க். பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மனு போட்டோம். போன் நம்பர் கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே போன், என்னுடையது. அதைக் கொடுத்தோம். எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டுமாம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். கடைசியில் நாலாவதாக எழுதியது கிடைத்தது. மெட்ராஸ் பக்கம் ஒரு காலேஜ், எலக்ட்ரானிக்ஸ். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு என்பதால் பீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்றாள். அன்று அவள் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"நைனா, ரெண்டு நாளைக்குள்ள கன்ஃபார்ம் பண்ணணும். பொன்னேரி போய்ட்டு வந்துரலாம்."

"நாளிக்கும் மறுநாளும் நமக்குப் பாடும்மா."

"அப்ப போனக் குட்த்துட்டுப் போ. அதுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொன்னாத்தான் தொறக்கும். நான் அம்மாகூட போறேன்."

"அம்மா உங்கூட போய்ட்டா ஏலத்துல இறாலோட யாரு நிக்கிறது? மூணா நாளு எல்லாருமே போலாம்."

"ரெண்டு நாளுதான் நைனா."

"உனுக்குன்னு குட்த்தாச்சில்ல? வேற எவன் வந்து ஒக்காரப் போறான்?"

அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள். ஒருவனுக்கு விழுந்தது அவனுக்குத்தான் என்று கேட்டே வளர்ந்தவள். நான் சொன்னதில் பாதியை நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அவளைக் கரைக்கு அனுப்பியது. விடிந்ததும் படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போனு நைனா."

ஏரியில் மோட்டார் நின்றால் ஆள் கூப்பிடப் போன் வேண்டும். வீட்டுக்குப் போ என்றேன். போய்விட்டாள்.

படகில் என்னோடு மச்சான் இருந்தான். என் சம்சாரத்தின் தம்பி.

"இனிமே மோட்டாருக்கு மெக்கானிக்கத் தேட வேணாம் மாமா. வூட்லயே இன்ஜினியரு கீது."

"அது மோட்டார் படிப்பு இல்லடா. கரண்ட் சம்பந்தப்பட்டது."

"அப்ப கரண்ட் பில்லாவது கொறையுமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். போனைப் பாலித்தீன் கவரில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். முதல் நாள் ஒரு தடவை அதிர்ந்தது. மறுநாள் ஒரு தடவை. எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது. ரீசார்ஜ் செய்தி என்று நினைத்து மறுபடி கட்டிக்கொண்டேன். கை நிறைய வேலை இருந்தது. இரண்டு நாளும் ஏலம் முடியவே இருட்டிவிட்டது, அதற்குள் பொன்னேரி சென்டர் மூடியிருக்கும். அந்த இரண்டு நாளும் இறால் நன்றாக விழுந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். திருப்பாலைவனம் தாண்டுகிற வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்டர்காரர் தட்டிப் பார்த்தார். என் போனுக்கு வந்த நம்பரைப் போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சிச்சே. ஏன் கன்ஃபார்ம் பண்ல?"

"எம் பொண்ணுக்குக் குட்த்த எடங்க அது. அப்படியேதான இருக்கும்?"

"இருக்காதுங்க. நீங்க வேணும்னு சொல்லலன்னா வேணாம்னு எடுத்துக்கும். அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"யாரு அப்படிக் குட்த்தது? அவர்ட்ட நான் பேசுறேன்."

"ஆளு யாரும் இல்லங்க. கம்ப்யூட்டரு."

பேசுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் போனை வாங்கிப் பழைய செய்திகளைத் திறந்து மகளிடம் காட்டினார். ஏரியில் அதிர்ந்த அந்த இரண்டும். இன்னும் கன்ஃபார்ம் செய்யவில்லை, இன்றே கடைசி நாள் என்று இருந்ததாம். அவள் இரண்டையும் படித்தாள். போனை என்னிடம் கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கவுன்சிலிங் சந்தேகம் கேட்கிற இடம் ஒன்று உண்டு என்று சொன்னார்கள். அங்கேயும் போனோம். ஒரு மேடம் பொறுமையாகக் கேட்டார். மிச்சம் இருக்கிற இடங்களுக்குக் கடைசியில் ஒரு சுற்று வரும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். அதில் அவளுக்கு எதுவும் வரவில்லை.

என் சம்சாரம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ரெண்டு நாளு இறால வுட்டிருந்தா இன்னாய்யா ஆயிருக்கும்?"

ஒன்றும் ஆகியிருக்காது. பாடு சும்மா கிடந்திருக்கும். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் அப்பனுக்கு அவன் தொழில் தெரியும். இது தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவான். அவன் பேச்சைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். போனைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் பிடுங்குங்கள். அடி விழுந்தாலும் பரவாயில்லை, அடி ஆறிவிடும். மனுவில் கரையில் இருக்கிற ஆளின் நம்பரைக் கொடுங்கள். என்ன செய்தி வந்தாலும் படிக்கத் தெரிந்தவரிடம் அன்றே காட்டுங்கள். கிடைத்தது என்று வந்தால் பாதிதான் கிடைத்தது. மீதியை நீங்கள் போய் வாங்க வேண்டும்.

அப்பன்மாருக்கு ஒன்றுதான். அந்த நாட்களில் ஏரிக்குப் போகாதீர்கள்.

கடைசிச் சுற்றும் முடிந்து சில நாள் கழித்து மகள் பொன்னேரிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிட்டதாக அவள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இன்னா படிப்பும்மா?" என்று கேட்டேன்.

"வரலாறு."

"உனுக்குக் கணக்குதான புடிக்கும்?"

"அதுலதான் எடம் இருந்திச்சி நைனா."

காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறாள். நான் ஏரியிலிருந்து கரை ஏறும்போது அவள் போயிருப்பாள்.