நிற்காத மினி லாரி

எங்கள் மினி லாரி மேட்டைக் கண்டால் நிற்கும். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏற்றிப் புதுக்கடைச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாரத்தில் இரண்டு தடவையாவது மூச்சை விட்டுவிடும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற டீசல் பைப்பில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டுவது என் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவது நான். மீன் என்னுடையது, ஐஸ் உருகினால் சந்தையில் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

நின்றதும் இருவரும் இறங்குவோம். அவர் பில்டரின் மேலிருக்கும் திருகை ஸ்பேனரால் தளர்த்திப் பிடிப்பார். நான் பம்பில் இருக்கும் கைப்பிடியை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நுரை நுரையாக டீசல் வரும். குமிழி அடங்கி டீசல் மட்டும் வழியும்போது போதும் என்பதற்கு "மதி, மதி" என்று சொல்லித் திருகை முறுக்குவார். என் கையில் மீன் நாற்றத்தோடு டீசல் நாற்றமும் சேர்ந்துவிடும், கேட்கவே வேண்டாம்.

"இந்தச் சவத்த சரியாக்குவியளா, இல்ல நான் ஆட்டோ பிடிச்சுப் போவட்டா?" என்று ஒரு நாள் நடுரோட்டில் சத்தம் போட்டேன். அன்றைக்கே புதுக்கடையில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம்.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, மெக்கானிக் ஒரு கையால் திருகைத் தளர்த்தினார். மறு கையால் பம்பை அமுக்கினார். இரண்டு நிமிஷத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"இதுக்கு ரெண்டு ஆளு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அக்கா? ஒரு ஆளுக்க சோலிதான."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதிரே யாரோ வாழைக்குலை இறக்குவதை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருஷமாக அமுக்கியிருக்கிறேன். திட்ட வேண்டும்போல இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் வந்தது. நான் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பிடித்திருந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

"எஞ்சின் பம்பு இவ்வளவு தூரத்துலேந்து டீசல உறிஞ்சுது. பழைய ரப்பர் ஓஸ் வழியா காத்தும் சேர்ந்து வரும். டேங்க் பக்கத்துல கரண்டு பம்பு ஒண்ணு வச்சு தள்ளிவிட்டா வராது" என்றார் மெக்கானிக். ஓஸ்களை மாற்றினார், கரண்டு பம்பையும் தண்ணீரைப் பிரிக்கிற பில்டர் ஒன்றையும் பொருத்தினார். இருக்கிறபடியே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். நானே திட்டித் திட்டிக் கொண்டுவந்த வண்டி, எந்த முகத்தோடு சொல்வது?

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. ஒரு மேட்டிலும் நிற்கவில்லை. அதுவரை எங்கள் வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிய மீன் வியாபாரிகள் மங்களூருக்கு லோடு தந்தார்கள், அதற்கு அப்பாலும் தந்தார்கள். பத்து நாள், பதினைந்து நாள் என்று அவர் போய்விடுகிறார். நான் ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, திட்ட ஆளில்லாமல் சந்தைக்குப் போகிறேன். அவர் இல்லாத வீட்டில் சோறு வடிக்கவும் மனசு வருவதில்லை.

போன மாதம் அவர் ஊரில் இருந்த ஒரு நாள், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். வண்டி ஒரு நாள் நிற்கட்டும் என்று வேண்டினேன். தூரத்தில் வேண்டாம் தாயே, மழையில் வேண்டாம், எங்கள் தெரு முக்கில், புறப்படும்போது நின்றால் போதும் என்று விவரமாகத்தான் சொன்னேன். மறுநாள் வண்டி ஒரு இருமலும் இல்லாமல் புறப்பட்டுப் போனது. அப்போதுதான் பயம் வந்தது. விவரத்தை விட்டுவிட்டு மாதா வேண்டுதலை மட்டும் கேட்டிருந்தால்? ஆளில்லாத மலைப்பாதையில் நின்றால்? ஓடிப்போய் இன்னொரு திரி கொளுத்தி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில், ரோட்டோரம் நிறுத்திப் போன் செய்தார்.

"ஏட்டி, உனக்க ஜெபந்தான். ஒரு எடத்துலயும் நிக்கல, கேட்டியா. இங்கேந்து இன்னொரு லோடும் கிடைச்சிருக்கு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இனி நான் ஜெபிக்க மாட்டேன். எனக்கு உங்கள காணணும்."

போனுக்கு அந்தப் பக்கம் அணைக்காமல் விட்டிருந்த எஞ்சின் மட்டும் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.